பழைய பட்டறை மின்கருவிகளை மீட்டல்: அருவங்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் எழுந்தது. பிட்டர், டர்னர் வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் ஒரு பட்டறை மூலை வைத்திருப்பது தொழிற்சாலை ஊர்களுக்கே உரிய பழக்கம். அங்கே கிடக்கும் இரும்பு உடல் கை ட்ரில், பெஞ்ச் கிரைண்டர், தூண் ட்ரில், சிறு மர லேத் ஆகிய நான்கை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. எதைச் செலவு செய்து மீட்கலாம், எதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்பதே கேள்வி. துருவைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். அந்த அளவுகோல் பிழையானது என்பேன்.

2. ஈரம்

குன்னூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. மூடுபனி கதவிடுக்கு வழியே புகுந்து இரும்பின்மேல் வியர்த்து நிற்கும். வார்ப்பிரும்பின் மேல்தோல் சிவக்க அதுவே போதும். மண்ணெண்ணெயும் எமரித் தாளும் அந்தச் சிவப்பைப் போக்கிவிடும். காயிலுக்குள் இறங்கிய ஈரம்தான் ஆராயத் தக்கது.

வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரை (மின்காப்புத் தடை அளக்கும் கருவி) வைத்து அளந்தால், பல மழைக்காலம் சும்மா கிடந்த மோட்டார் 1 மெகா ஓமுக்கும் கீழே காட்டக்கூடும். அப்போது மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. காயில் செத்துவிட்டது என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்கவும் கூடாது. மோட்டாரைப் பிரித்து, ஒரு பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் இரண்டு நாள் வைக்க வேண்டும். சூடேறும்போது அளவு முதலில் இன்னும் இறங்கும். ஈரம் வெளியேறத் தொடங்கிய பிறகே ஏறும். இது தெரியாமல் பாதியில் அளந்து, நல்ல மோட்டாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. ஆறவைத்து அளப்பதே முறை. பத்து, இருபது மெகா ஓமுக்கு ஏறிவிட்டால் வந்தது ஈரக் கோளாறு. வார்னிஷ் பூசி மூடிவிடலாம். ஏறவே இல்லை, கருகிய வாடையும் அடிக்கிறது என்றால் ரீவைண்டிங்தான்.

3. கடையில் கிடைப்பதும் கிடைக்காததும்

கார்பன் பிரஷ், கெப்பாசிட்டர், சுவிட்ச், பேரிங் எல்லாம் வாங்கிவிடலாம். 6203 என்று பொறித்த பேரிங்கின் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ.; எந்த நிறுவனம் செய்தாலும் அளவு மாறாது. பழைய இங்கிலாந்து இயந்திரம் என்றால் அங்குல அளவுப் பேரிங்கும் 55 பாகை விட்வொர்த் மரையும் இருக்கும்; கோயம்புத்தூருக்கு இறங்கித் தேட வேண்டிவரும். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் மைக்கா மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால், லேத்தில் கடைந்து மைக்காவைச் சற்றே தாழ அறுத்துவிடலாம். பட்டையே மெலிந்து ஆடினால் வேலைக்காகாது. பல் உடைந்த ட்ரில் கியருக்கும் அதே கதிதான்.

கடையில் பாகம் கிடைக்காவிட்டால் மீட்க முடியாது என்பதற்கு எதிர்ச்சான்று அருவங்காடு வழியே போகும் ரயில் பாதையிலேயே உண்டு. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் ஊட்டியை எட்டிய மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. அவற்றுக்கு உதிரி பாகம் கடையில் வாங்க முடியாது. திருச்சி பொன்மலைப் பணிமனை அந்த வகையில் புதிய எஞ்சின்களையே கட்டியது. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் முடித்தது. ஆனால் அங்கே வரைபடம் இருந்தது, வார்ப்படச்சாலை இருந்தது, அரசுப் பணம் இருந்தது. வீட்டு ட்ரில்லுக்கு அந்த வசதி ஏது?

4. எர்த்தும் தீர்ப்பும்

இரும்பு உடல் கருவியில் இரண்டு பின் பிளக் இருந்தால், யாரோ பச்சை ஒயரை வெட்டியிருக்கக்கூடும். மூன்று கோர் ஒயர் போட்டு எர்த்தை உடலோடு இணைக்காமல் அதைத் தொடக்கூடாது.

தூண் ட்ரில்லும் பெஞ்ச் கிரைண்டரும் மீட்கத் தக்கவை. கனத்த வார்ப்பு, பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். தேய்வதற்குப் பேரிங்கைத் தவிர அதிகமில்லை. கிரைண்டரின் பழைய சாணைக்கல்லை மட்டும் நம்பாமல் புதிது போடுக. மர லேத்தின் படுக்கை நேராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்; வேறு மோட்டார் பொருத்தினாலும் குற்றமில்லை. ஆர்மேச்சர் எரிந்த கை ட்ரில்லின் சக்கையும் பேரிங்கையும் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம்.