காவிரியில் போன சுவடி

வைணவ ஆசாரியரான நஞ்சீயர், திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையை நல்ல பிரதியாக எழுதித் தரும்படி சீடர் வரதராசரிடம் ஒப்படைத்தார். சொந்த ஊரில் உட்கார்ந்து எழுதலாம் என்று அவர் சுவடியோடு ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டார். காவிரியில் வெள்ளம். சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. காலட்சேபத்தில் கேட்டதையெல்லாம் நினைவுகூர்ந்து மறுபடி எழுதி முடித்தார். சில பாசுரங்களுக்குத் தமக்குத் தோன்றிய விசேஷ அர்த்தங்களையும் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர் புதிய இடங்களைக் கண்டுகொண்டு விசாரித்தார். நடந்ததை அறிந்ததும் ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அந்தப் பெயரே நிலைத்தது. இக்கதையை ஞாபகசக்தியின் பெருமைக்காகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஓலையில் இருந்த பொருள் சீடரின் நெஞ்சிலும் இருந்ததால் நூல் பிழைத்தது. அதில் கைவைக்கும் உரிமையை ஆசிரியர் மறுக்காததால் அது வளர்ந்தது. தொழில்நுட்பத்தைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா என்று இன்று நாம் வாதிடுவதன் இரண்டு முக்கியக் கேள்விகளும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன.

ஆனால் அதே நம்பிள்ளை பின்னாளில் பூட்டும் போட்டார். பகலில் அவர் சொன்ன திருவாய்மொழி விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். 36,000 படி. ஒரு படி என்பது மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணினால் 32 எழுத்து. ஆக, பதினோரு லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் ஓலையில் கீறப்பட்டிருந்தன. அனுமதியின்றி எழுதியது என்று நம்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தார். அங்கிருந்து அவர் மகன், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை என்று ஒருவர் பின் ஒருவராக, ஓராண்வழியாகவே அது இறங்கியது. ‘ஈடு’ என்று இன்று வைணவர்கள் கொண்டாடும் பெருநூல், பல தலைமுறைக் காலம் ஒற்றை இழையில் தொங்கியது.

அப்படிப் பூட்டியதால்தானே அது பத்திரமாக இருந்தது என்று கேட்கலாம். 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது ஈடு தப்பித்ததே என்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. ஆனால் ஈடு தப்பியது பூட்டினால் அல்ல. அப்போது அந்தப் பரம்பரை ஸ்ரீரங்கத்தில் இல்லாமல் காஞ்சியில் இருந்ததால். ஸ்ரீரங்கத்திலேயே இருந்த சுருதப்பிரகாசிகையின் கதி என்ன? ஸ்ரீபாஷ்யத்துக்கு சுதர்சன சூரி எழுதிய அந்த உரையையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே படுத்திருந்து தப்பினார் என்கிறது மரபு. ஒரு மனிதர் மூச்சை அடக்கிக் கிடந்ததை நம்பி ஒரு நூல் பிழைத்தது. அதைப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாலு ஊரில் நாலு பிரதி இருந்திருந்தால் அந்தத் தியாகத்துக்கே அவசியம் வந்திருக்காது.

பலர் கைக்குப் போனால் பாடம் கெடும், அரைகுறைகள் தப்பர்த்தம் சொல்வார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு ஸ்ரீரங்கமே பதில் வைத்திருக்கிறது. திருவாய்மொழிப் பிள்ளையிடம் ஈட்டைக் கற்ற மணவாள மாமுனிகள் (1370–1443) அதைப் பெரிய திருமண்டபத்தில், நம்பெருமாள் திருமுன்பில், ஓராண்டுக் காலம் ஊரறியச் சொன்னார். திருவாய்மொழிக்கு முன்பே வேறு உரைகள் இருந்தன. கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஈட்டில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித் தொகுத்துப் பிரமாணத் திரட்டும் செய்து வைத்தார் மாமுனிகள். திறந்துவிட்டதோடு நிற்காமல், தாம் சொன்னதைப் பிறர் சரிபார்ப்பதற்கான வழியையும் கையில் கொடுத்தார். பாடபேதம் என்பது பல பிரதிகள் இருக்கும் இடத்தில்தான் கண்ணில் படும். ஒரே பிரதியில் பிழை இருந்தால் அதுவே பாடமாகிவிடும்.

கணினியில் தமிழ் வந்தபோது ஓராண்வழியைவிட மோசமான நிலை உண்டானது. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி ஒவ்வொரு எண்ணில் உட்கார வைத்தது. திருச்சியில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை வேறு கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத பட்சத்தில், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் உச்சியில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்தும் கலந்து நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொது விசைப்பலகை ஒன்றையும், டாம், டாப் குறியீடுகளையும் தந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எவரும் படித்துப் பார்த்து, எவரும் மென்பொருள் எழுதக்கூடிய பொதுத் தரம் அது.

எழுத்துரு செய்தவரின் உழைப்புக்குக் கூலி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எழுத்தின் அழகுக்கு விலை வைக்கட்டும், வாங்குவோம். நாம் எழுதிய வாக்கியத்தை அவர் சாவி இல்லாமல் நாமே படிக்க முடியாது என்பதற்குத்தான் நியாயம் கிடையாது. விலையும் பூட்டும் ஒன்றல்ல; விலை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது, பூட்டோ அந்த நிறுவனம் கடையைக் கட்டிய பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும். பசை போட்டு ஒட்டி மூடிய கைப்பேசிக்கும், கம்பெனி ஆள் வந்து திறந்தால்தான் ஓடும் டிராக்டருக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியபோது கேட்டதும், படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்றுதான். நஞ்சீயர் தம் சீடருக்கு மறுக்காத உரிமை அது. பழைய குறியீடுகளில் அடைபட்ட தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகளைச் செய்து பொதுவில் வைத்தவர்கள் தன்னார்வலர்கள். அலமாரிக் குறுந்தகடுகளில் கிடக்கும் கோயில் மலர்களும் கல்லூரி ஆண்டிதழ்களும் இன்னும் அந்த மாற்றிகளுக்கு வந்து சேரவில்லை.