பறவையும் பதிவேடும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வடபுலத்தில் தலைகாட்டியதும், தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் பெட்டிக்குள் உறங்கிய கம்பளி ஆடைகள் வெளிவருகின்றன. அதே நாட்களில் யமுனையின் நீர்ப்பரப்பில் கடற்காகங்கள் வந்து இறங்குகின்றன. சுற்றுப்புற ஏரிகளில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் கூட்டங் கூட்டமாக மிதக்கின்றன. அரசுக் குடியிருப்பின் புல்தரையில்கூட வெள்ளை வாலாட்டி ஓடித் திரிகிறது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் இவ்விருந்தினர் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றனர். விடுப்பு விண்ணப்பமும் இரயில் முன்பதிவும் இன்றி, ஆண்டுதோறும் சொந்த ஊர் சென்று மீளும் பேறு பெற்றவர்கள்!

இவ்வரவைத் தமிழர் அறியாதவர் அல்லர். மதுரையில் வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரியாடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விடுத்ததைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நாரை தெற்கே வந்து வடக்கே மீளும் என்னும் உண்மை அப்பாடலுக்குள் பொதிந்து கிடக்கிறது. ஆயினும் எந்த ஆண்டு, எந்தத் திங்கள், எத்தனை நாரைகள் என்று பாட்டிடம் கேட்க இயலாது, கேட்பதும் முறையன்று. அவ்வினாக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது குறிப்பேடு.

பறவையைக் கண்டவர் பலர். கண்டதைக் குறித்து வைத்தவர் சிலர். குறித்ததைப் பிறரோடு பகிர்ந்தவர் மிகச் சிலர். இம்மூன்றாம் வகையினராலேயே பறவைகளின் வரலாறு நமக்குக் கிடைத்துள்ளது என்பதை இந்தியாவின் சென்ற நான்கு நூற்றாண்டுச் செய்திகள் காட்டுகின்றன.

அரண்மனை ஓவியம்

மொகலாய மன்னர் ஜஹாங்கீர் (ஆட்சிக்காலம் 1605–1627) கூர்ந்து நோக்கும் கண் படைத்தவர். தாம் வளர்த்த சாரசக் கொக்கு இணைக்கு லைலா, மஜ்னு எனப் பெயரிட்டு, அவை கூடியதையும் முட்டையிட்டதையும் மாறி மாறி அடைகாத்ததையும் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். அவருடைய அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர், குளிர்காலத்தில் இந்நாட்டுக்கு வந்த சைபீரியக் கொக்கை வண்ணத்தில் தீட்டினார். பால் போன்ற வெண்ணிறமும் செம்முகமும் கொண்ட பறவை அது.

அவ்வோவியம் அரண்மனைச் செல்வமாகவே இருந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1773-ஆம் ஆண்டில் பல்லாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் விவரித்த பிறகே அறிவியல் உலகம் அப்பறவைக்குப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. அலுவலகத்தில் கோப்பு ஏறாத செய்தியை இல்லாத செய்தியாகக் கொள்வது வழக்கம். சைபீரியக் கொக்குக்கும் அந்நிலையே நேர்ந்தது.

பழைய காகிதமான பெருநூல்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றதும், 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்தவர் என்பது நம் நினைவுக்கு வரும். அவரே இந்தியப் பறவையியலின் முன்னோடிகளுள் தலையாயவர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாகலாம். எடாவா மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில், அங்குள்ள நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் வந்த சைபீரியக் கொக்குகளைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார். பின்னர் அரசின் செயலாளராக உயர்ந்தபோதும் பறவைகளை விட்டாரில்லை.

1872-இல் அவர் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். நாடெங்கும் பணியாற்றிய அதிகாரிகளும் அலுவலர்களும் தத்தம் வட்டாரத்தில் கண்ட பறவைகளைக் கடிதங்களில் எழுதியனுப்ப, அவை இதழில் அச்சேறின. முகம் அறியாதோர் பறவைச் செய்தி பகிர்ந்துகொண்ட பெரும் அஞ்சல் சபை என்று அதனைச் சொல்லலாம்.

இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் ஒன்றையும் பல்லாண்டுகள் உழைத்து அவர் கையெழுத்துப் படியாகச் சேர்த்து வந்தார். 1880-களின் நடுவில், அவர் சிம்லா இல்லத்தில் இல்லாத வேளையில், பணியாள் ஒருவன் அத்தாள்களைப் பழைய காகிதமென்று கடைத்தெருவில் விற்றுவிட்டான். மனமுடைந்த ஹியூம், தாம் திரட்டிய ஏறத்தாழ 80,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் இலண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு அத்துறையிலிருந்தே விலகினார். தனியே வைத்திருந்த கட்டு கடைத்தெருவில் கரைந்தது. இதழில் பகிர்ந்தவையோ இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

குறிப்பு காத்த ஏரி

1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியை ஏற்றது. அக்கழகத்தோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட சாலிம் அலி, 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டு, படித்த எவரும் பறவையை இனங்காண வழி செய்தார். 1960-இல் சஃபர் ஃபுதேஹல்லி பறவை நோக்குவோருக்கென ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். முதலில் சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பப்பெற்ற அம்மடலில், ஆசிரியரும் மருத்துவரும் இல்லத்தரசியும் தாம் கண்டதை ஒரே பந்தியில் அமர்ந்து பரிமாறினர்.

நம் தலைநகரின் பங்கும் சிறிதன்று. காந்தியடிகளின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாந்தர் முதலியோர் 1950-இல் தில்லிப் பறவை நோக்கர் சங்கத்தை அமைத்தனர். இந்திரா காந்தியும் அதில் உறுப்பினராயிருந்தார். உறுப்பினர்கள் ஆற்றங்கரையிலும் மலைமேட்டிலும் நாள்தோறும் எடுத்த குறிப்புகள் சேர்ந்து வளர்ந்தன. தில்லி வட்டாரப் பறவைகளுக்கு உஷா கங்குலி எழுதிய வழிகாட்டி நூல் 1975-இல் வெளிவந்தது.

இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள சுல்தான்பூர் ஏரியைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கு குளிர்காலத்தில் கூடும் நீர்ப்பறவைகளைக் கவனித்து வந்த அச்சங்கத்துச் செயலாளர் பீட்டர் ஜாக்சன், அவ்வேரியைக் காக்குமாறு பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் அது பறவைகளுக்குரிய காப்பிடமாயிற்று. பின்னர் தேசியப் பூங்காவாக உயர்ந்து, 2021-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. என்ன பறவை, எவ்வளவு, எப்போது என்று சொல்ல ஆளிருந்ததால் அவ்வேண்டுகோளுக்கு வலு இருந்தது.

வராத விருந்தினர்

பரத்பூர் ஒரு காலத்தில் வேட்டைக் களம். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. அந்நாளில் அது பெருமைக் கணக்கு. இந்நாளில் படிப்போர் தலைகுனியும் கணக்கு. அவ்விடமே பின்னாளில் தேசியப் பூங்காவாகி, 1985-இல் உலகப் பாரம்பரிய இடமென ஏற்கப்பட்டது.

மன்சூர் தீட்டிய சைபீரியக் கொக்கு அங்கும் ஆண்டுதோறும் வந்தது. சதுப்பு நிலத்துக் கோரைக் கிழங்குகளே அதன் உணவு. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 200 கொக்குகள் வந்தன. வரும் வழியில் நடந்த வேட்டையாலும் இடையில் தங்கும் நீர்நிலைகளின் சிதைவாலும் ஆண்டுக்காண்டு எண்ணிக்கை தேய்ந்தது. 2001–02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்து சென்றது. அதன் பிறகு பரத்பூர் அப்பறவையைக் கண்டதில்லை.

பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வெற்றிடம் விழுவது வாசிப்பதற்கு எளிய செய்தியன்று. ஆயினும் அவ்வெற்றிடத்தையும் எழுதத்தான் வேண்டும். ஆண்டுதோறும் எண்ணியவர் இல்லாதிருந்தால், அக்கொக்கு போனது மட்டுமன்று, வந்திருந்தது என்பதும் மறைந்திருக்கும்.

நாம் எழுத வேண்டிய வரி

1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர் அளித்த மூன்று கோடிக் குறிப்புகளின்மேல் எழுந்தது. ஆராயப்பட்ட 942 இனங்களுள் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என அது கூறுகிறது. அக்குறிப்புகளைத் தந்தவருள் பெரும்பாலோர் தம் தொழில் போக எஞ்சிய நேரத்தில் இதனைச் செய்பவர்களே.

நம் முன்னோரும் இதற்கு வழிகாட்டிகள். வேடந்தாங்கல் உழவர்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வாய்ச்சொல்லினும் எழுத்து நிலைக்கும் என்பதையும் அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். அதே நாட்களில் நாமும் பிள்ளைகளுடன் யமுனைக் கரையிலோ குடியிருப்புப் பூங்காவிலோ ஒரு மணி நேரம் நிற்கலாம். இடம், நாள், நேரம், இனம், எண்ணிக்கை என்னும் ஐந்து செய்திகளை எழுதினால் போதும். எழுதியதை அக்கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

இதில் வேறொரு பயனும் உண்டு. நாரை, கொக்கு, உள்ளான், கிளுவை, வாலாட்டி என்னும் சொற்களைத் தில்லியில் பிறந்த நம் குழந்தைகள் அகராதியில் தேடிக் கற்கமாட்டார்கள். பறவையைச் சுட்டி ஒருமுறை சொல்லிவிட்டால் மறக்கவும் மாட்டார்கள். எழுதாத பறவையைப் போலவே, வழங்காத சொல்லும் ஒரு நாள் திரும்பி வாராது. இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் காக்கும் வாய்ப்பு இக்குளிர்காலத்தில் நம் வாயிலுக்கே வந்து நிற்கிறது.