ஆணி மாண்டவ்யரின் ஒப்புதல்: மைசூரில் கிடைத்த சுவடியும் மைசூரில் நடந்த வழக்கும்

1905ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓர் ஓலைச்சுவடியை மைசூர் அரசின் கீழைத்தேய நூலகத்தில் ஒப்படைத்தார். நூலகர் ஆர். சாமாசாஸ்திரி அதனைப் படித்துப் பார்த்து, மறைந்துபோனதாகக் கருதப்பட்டுவந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அது என அடையாளம் கண்டார். 1909இல் மூலநூல் அச்சேறியது. அரசு, வரி, ஒற்று, போர் ஆகியவற்றுக்காகவே இந்நூல் பெரிதும் பேசப்படுகிறது. நான்காம் அதிகரணத்தில் கைதானவரை விசாரிக்கும் முறையைக் கூறும் ஒரு சிறு அத்தியாயம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த அத்தியாயம் வதையை அனுமதிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எத்தனை அடி, எவ்வகைக் கட்டு என்று பட்டியலே தருகிறது. ஆயினும் அதே அத்தியாயம் சில எல்லைகளையும் வகுக்கிறது. குற்றம் நடந்து மூன்று இரவுகள் கடந்தபின் வெறும் ஐயத்தின்பேரில் ஒருவரைப் பிடிக்கலாகாது. கருவுற்ற பெண்ணையும், பிள்ளை பெற்று ஒரு மாதம் நிறையாத பெண்ணையும் வதைக்கலாகாது. இவற்றினும் முக்கியமானது அது காட்டும் எடுத்துக்காட்டு. திருடாத ஆணி மாண்டவ்யர், வதைக்கு அஞ்சித் தம்மைத் திருடர் என்று ஒப்புக்கொண்டார். ஆகவே ஒப்புதலை மட்டும் நம்பாமல் சான்றுகளைத் தேடித் தெளிந்த பின்னரே தண்டிக்க வேண்டும் என்கிறது நூல். மகாபாரதத்து மாண்டவ்யரோ மௌன விரதம் பூண்டவர். காவலர் கேட்டும் வாய் திறவாமல் கழுவேறியவர். பேசாதிருந்த முனிவரைக் கௌடிலியர் பேசவைத்து, வலி எதையும் சொல்லவைக்கும் என்பதற்குச் சான்றாக்கியது நம் சிந்தனைக்குரியது.

இவ்வுண்மை நவீனச் சட்டத்தில் இடம்பெறுவதற்குத் தமிழ்நிலத்தின் துயரமும் ஒரு காரணம். 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் கிட்டி போட்டு விரல்களை நெரிப்பதும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் வழக்கிலிருந்ததை அது பதிவுசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் காவலரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாகக் கொள்வதைத் தடுத்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அத்தடையை 25, 26ஆம் பிரிவுகளாக நிலைநிறுத்தியது. குற்றவாளிக்குக் காட்டிய சலுகையாக இதனைக் கருதுவது பிழை. காவல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை அரசே நன்கறிந்திருந்தது. அவ்வறிவின் விளைவே இத்தடை. எனினும் 27ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்தது: வாக்குமூலத்தின் வழியாக ஒரு பொருளோ செய்தியோ கண்டறியப்பட்டால், அதனோடு தொடர்புடைய அளவிற்கு அவ்வாக்குமூலம் ஏற்கப்படும்.

1950இல் அரசியலமைப்பு இதனை அடிப்படை உரிமையாக உயர்த்தியது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக எவரையும் கட்டாயப்படுத்தலாகாது (20(3)). கைதானவருக்குக் காரணம் கூறவேண்டும். அவர் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்தாலோசிக்க விடவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் (22).

மீண்டும் மைசூருக்கு வருவோம். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அக்கொடுமையைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை. அதன்பின் இரு மாநில அதிரடிப்படைகளும் மலைக்கிராமங்களில் நடத்திய வேட்டையில் ஏராளமானோர் தடாச் சட்டத்தின்கீழ் கைதாயினர். 1987ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. 1861 முதல் நின்ற தடுப்புச்சுவர் இவ்வாறு ஒரே பிரிவால் தகர்ந்தது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அப்பிரிவைச் செல்லுபடியாக்கியது. ஆயினும் ஒப்புதல் அச்சமற்ற சூழலில், அவர் பேசிய மொழியிலேயே, அவர் கூறியவாறே பதிவாக வேண்டும் என்றும், பின் அவரை நடுவரிடம் நிறுத்த வேண்டும் என்றும் வழிகாட்டியது.

தடாச் சட்டம் 1995இல் காலாவதியாயிற்று; அதன்கீழ்த் தொடங்கிய வழக்குகள் ஆகவில்லை. 2000ஆம் ஆண்டில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், மைசூர்ச் சிறையிலிருந்த தடாக் கைதிகளை விடுவிக்கக் கோரியபோதுதான் அக்கைதிகள் நாட்டின் பேசுபொருளாயினர். கொலையுண்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையைத் தடுத்தது. கடத்தல்காரனின் மிரட்டலுக்குச் சட்டம் பணியலாகாது என்பது சரியே. ஆனால் மிரட்டல் வரும்வரை அச்சிறைவாசத்தின் நீளத்தை ஏன் எவரும் வினவவில்லை என்ற கேள்வி அத்தீர்ப்பால் தீர்ந்துவிடவில்லை. 2001இல் மைசூர்ச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்டோரில் பெரும்பாலானோர் விடுதலையாயினர். சிலரே தண்டனை பெற்றனர். அவர்களுள் நால்வரின் ஆயுள் தண்டனையை 2004இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையாக்கியது. கருணை மனுக்கள் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் கிடந்தன. அத்தாமதத்தைச் சுட்டி 2014 சனவரி 21 அன்று அதே நீதிமன்றம் அதனை மீண்டும் ஆயுளாகக் குறைத்தது.

இதனிடையே தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் அமைத்த குழுவின்முன், முகாம்களில் மின்னதிர்ச்சி உள்ளிட்ட வதைகளுக்கு ஆளானதாகப் பழங்குடியினரும் உழவரும் பெண்களும் சாட்சியமளித்தனர். 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

இன்றைய நிலை என்ன? கைது குறிப்பாணையில் சாட்சியின் கையொப்பம், உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை 1996இல் டி.கே. பாசு தீர்ப்பு வகுத்தது. கர்நாடகத்திலிருந்து எழுந்த செல்வி வழக்கில், இசைவின்றி உண்மை கண்டறியும் மருந்து செலுத்துவது 20(3)ஐ மீறுவதாகும் என்று 2010இல் தீர்ப்பாயிற்று. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டங்களில், விசாரணையின்போது வழக்குரைஞரைச் சந்திக்கும் உரிமையும் காவலரிடம் அளிக்கும் ஒப்புதலுக்கான தடையும் தொடர்கின்றன. பழைய 27ஆம் பிரிவின் கதவும் அப்படியே தொடர்கிறது. கைதுக்கான காரணத்தை, கைதானவர் அறிந்த மொழியில் எழுத்தாகவே தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மொழி குறித்த இவ்விதியை நான் சிறிதாக எண்ணவில்லை. எல்லையோர மலைகளில் தமிழும் கன்னடமும் சோளகர் பேச்சும் கலந்து வாழ்ந்தவர்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள்களால் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். முகாம்களுக்குச் சென்று மீண்டவர்கள் இன்று முதுமை எய்திவருகின்றனர். அவர்களுடைய நினைவுகளை அவர்கள் மொழியிலேயே, அவர்கள் கூறியவாறே பதிவுசெய்வது ஆய்வாளர்களாகிய நம் கடன். நீதிமன்றம் வாக்குமூலத்துக்கு விதித்த அதே நிபந்தனை நமக்கும் பொருந்தும். மலைப்பகுதியில் களப்பணி செய்யும் நண்பர்கள் இதில் இணையலாம்.