பேசோஃபில்

பேசோஃபில் என்பது ஒவ்வாமைப் பொருளுக்குச் சில நிமிடங்களில் எதிர்வினை காட்டும் இரத்த வெள்ளணு. பால் எர்லிக் 1879-இல் இதை விவரித்தார். வெள்ளணுக்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், திசுக்களிலுள்ள மாஸ்ட் செல்லுக்கு அடுத்தபடியாகவே நெடுங்காலம் வைக்கப்பட்டது. அந்த மதிப்பீடு எண்ணிக்கையை மட்டுமே பார்த்தது. எடுத்துக்காட்டாக, நிலக்கடலைப் புரதம் பேசோஃபிலின் மேற்பரப்பிலுள்ள ஐஜிஇ எதிர்ப்பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்கும்போது, உள்துகள்கள் செல்சவ்வோடு இணைந்து ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. துகள்களின் உறையிலிருந்த சிடி63 புரதம் வெளிப்பரப்பில் தோன்றுகிறது. இரத்தத்தில் ஐஜிஇ இருப்பது மட்டும் ஒவ்வாமைக்குச் சான்றாகாது. அது இருந்தும் அறிகுறியின்றி நிலக்கடலை உண்போர் உண்டு. சிடி63-ஐ அளக்கும் பேசோஃபில் தூண்டல் சோதனையோ செல் உண்மையில் செயல்படுவதைக் காட்டுகிறது. சிலரின் பேசோஃபில்கள் ஐஜிஇ வழித் தூண்டலுக்கு அசைவதே இல்லை என்ற ஆட்சேபம் சரியே. ஆனால் உடன் நடத்தப்படும் எதிர்-ஐஜிஇ கட்டுப்பாட்டுச் சோதனை அவர்களை இனங்காட்டிவிடுவதால், அவர்களின் சோதனை முடிவு ‘ஒவ்வாமை இல்லை’ என்றல்ல, ‘முடிவு கூற இயலாது’ என்றே பதிவாகும்.