ஊமையாகிப் போன படம்

என் சிறு வயதில் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்போம். ஓர் இரவு, கதாநாயகி கண்ணீரும் வசனமுமாக நின்ற கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. விசில் பறந்தது. ஆபரேட்டர் கட்டை விரல் அளவே இருந்த ஒரு சின்ன விளக்கை மாற்றினார். குரல் திரும்பி வந்துவிட்டது. விளக்குக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் உனக்குப் புரியாது கண்ணு, போய் உக்காரு" என்றார்.

புரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின. படச்சுருளின் ஓரத்தில் ஒலி, கறுப்பும் வெளுப்புமான ஒரு கோடாகப் பதிந்திருக்கும். அந்தச் சின்ன விளக்கின் ஒளி அதை ஊடுருவி, கூடியும் குறைந்தும், ஒரு குமிழுக்குள் இருக்கும் உலோகப் பூச்சின்மேல் விழும். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும். அந்த மின்சாரம்தான் ஒலிபெருக்கியில் குரலாகிறது. ஒளிமின் விளைவு என்று இதற்குப் பெயர்.

இந்தக் கதையில் 1905 ஒரு விசேஷமான வருஷம். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது அந்த வருஷம்தான். அவர் காட்டியவை ஊமைப் படங்கள். தமிழ்ப் படம் பேசுவதற்கு 1931 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால், படத்தைப் பேச வைத்த அந்த விளைவுக்குக் காரணம் சொல்லப்பட்டதும் அதே 1905-ல்தான். சொன்னவர் ஸ்விட்சர்லாந்தில் பேடண்ட் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த 26 வயது ஐன்ஸ்டைன்.

விளைவை முதலில் கவனித்தவர் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ், 1887-ல். அதில் ஒரு புதிர் இருந்தது. ஒளியின் பிரகாசத்தைக் கூட்டினால் வெளியேறும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. அவற்றின் வேகம் கூடவில்லை. ஒளியின் நிறம் ஊதாப் பக்கம் நகர்ந்தால்தான் வேகம் கூடியது. ஒளி அலை என்றால் இது நியாயமே இல்லை. பெரிய அலை பெரிதாகத்தானே மோத வேண்டும்?

ரயில் நிலையத்து எடை மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். உரிய காசு ஒன்றைப் போட்டால் சீட்டு விழும். ஒரு பை நிறையச் சின்னக் காசுகளைக் கொட்டினாலும் விழாது. ஒளியும் இப்படிக் காசு காசாகத்தான் வருகிறது என்றார் ஐன்ஸ்டைன். சிவப்பு ஒளி சின்னக் காசு. ஊதா பெரிய காசு. ஓர் எலெக்ட்ரானுக்கு ஒரு காசு. உலோகத்தை விட்டு வெளியே வரச் சுங்கம் கட்டியது போக, மிச்சம்தான் அதன் வேகம். சூடான பொருள்கள் ஒளியைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் இப்படி ஒரு கணக்கு இருப்பதை 1900-லேயே பிளாங்க் கண்டிருந்தார். ஆனால் ஒளியே காசு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மற்றவர்களுக்கும் வரவில்லை. அமெரிக்காவில் மில்லிகன் இதை அசட்டுத் துணிச்சல் என்றே எண்ணி, பத்து வருஷம் சோதித்தார். 1916-ல் அவர் வெளியிட்ட முடிவு ஐன்ஸ்டைனின் சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்தியது. சூத்திரம் சரி, அதன் பின்னே உள்ள கருத்தைத்தான் ஏற்க முடியாது என்று அப்போதும் அவர் நின்றார். ஆனால் அளவுகளை மறைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பருத்தி வியாபாரத்தில் அப்படிப்பட்டவரைப் பெரிய மனுஷர் என்போம்: முள் தனக்குப் பிடிக்காத எடையைக் காட்டினாலும் அதையே சீட்டில் எழுதுகிறவர். ஐன்ஸ்டைனுக்கு 1921-க்கான நோபல் பரிசைக் கொடுத்தபோதும் ஒளிமின் விளைவின் விதிக்கென்றுதான் எழுதினார்கள். ஒளித்துகளைப் பற்றிப் பேச்சில்லை.

அந்தக் கருத்தை முழு மனசோடு நம்பிய ஒருவர் டாக்கா சர்வகலாசாலையில் இருந்தார். சத்யேந்திரநாத் போஸ், 30 வயது. பிளாங்கின் விதியை மாணவர்களுக்கு விளக்கும்போது, பாதி அலைக்கணக்கும் பாதி காசுக்கணக்குமாக இருந்தது அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒளித்துகளை மட்டும் வைத்தே முழுக் கணக்கையும் போட்டார். இங்கிலாந்துப் பத்திரிகை அதை வெளியிடவில்லை. 1924 ஜூன் 4-ந் தேதி, முன்பின் பார்த்திராத ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவிட்டார். அவர் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். இன்று உலகத்தில் ஒரு பாதித் துகள் இனம் போஸான் என்று அவர் பெயரைச் சுமக்கிறது. நோபல் பரிசு மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

நாலு வருஷம் கழித்துக் கல்கத்தாவில், திருச்சியில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனும், திரவங்களில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டார்கள். காசில் ஒரு பங்கை மூலக்கூறு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு அது சாட்சியாயிற்று.

கொட்டகை போய்விட்டது. படத்தின் ஓரத்துக் கோடும், அந்தச் சின்ன விளக்கும் போய்விட்டன. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் இப்போது சூரியத் தகடு கிணற்று மோட்டாரை ஓட்டுகிறது. அதுவும் இந்த விளைவுக்குப் பங்காளி முறைதான். தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், "வெயில் எப்படிங்க கரண்டாகும்?" என்று போன மாசம் என்னைக் கேட்டான். உனக்குப் புரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, எடை மெஷினிலிருந்து ஆரம்பித்தேன்.