சீனக்குடாவின் வானும் பாவனைப் பறப்பும்

திருக்கோணமலையின் சிறப்பைக் கூறப் புகுவோர் கடலையே முதலிற் கூறுவர். கொட்டியாரக் குடாவின் ஆழமும், கோணேசப் பெருமான் கோயில் கொண்ட சுவாமிமலையின் உயரமும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத் துறைமுகத்தின்பொருட்டு மாறிமாறிப் பொருத கதையும் நம் மாணவர் நன்கறிந்தவை. அத் துறைமுகத்தின் மேலுள்ள வானத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். அவ் வரலாறு சீனக்குடா விமானத் தளத்தோடு பிணைந்தது. அத் தளத்தின் வரலாறோ, மனிதன் தரையில் இருந்தபடியே பறக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றோடு பிணைந்தது. இளைஞர் சிலர் இன்று வீட்டு மேசையின் முன்னமர்ந்து, கண்களை மூடிய ஒரு கருவியைத் தலையில் அணிந்து விமானம் ஓட்டுகின்றனர். அதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ் விளையாட்டின் வேர்கள் எங்குள்ளன என்பதையும், அதனை அணிந்தோர் கண்ட பயனும் இடரும் எவை என்பதையும் ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கம்.

'பாவனை' என்னும் சொல் ஈழத்திற் பெரும்பாலும் 'உபயோகம்' என்ற பொருளில் வழங்குகின்றது. யாம் ஈண்டு அதனை அதன் பழைய பொருளிலேயே, அஃதாவது உள்ளதுபோற் காட்டி ஒழுகுதல் என்ற பொருளிலேயே கொள்கின்றோம்.

பறப்போனுக்குப் பெரும்பகை காற்றும் மழையும் மட்டுமல்ல; அவனுடைய செவியுமாகும். உட்செவியில் அரைவட்டக் கால்வாய்கள் மூன்று உள. அவற்றுள் நிறைந்த நீர்மம் தலை சுழலத் தொடங்கும்போது பின்தங்கி நின்று, சுழற்சியை மூளைக்கு அறிவிக்கின்றது. ஆயின் விமானம் ஒரே சீராக நெடுநேரம் வளைந்து செல்லுமாயின் அந் நீர்மமும் உடன் சுழலத் தொடங்கிவிடும், அறிவிப்பு நின்றுவிடும். முகிலுக்குள்ளோ நிலவற்ற இரவிற் கடலுக்கு மேலோ செல்லும் விமானி, தான் நேராகப் பறப்பதாகவே உறுதியாக நம்புவான். விமானமோ சரிந்து இறங்கிக்கொண்டிருக்கும். முன்னாளில் எத்தனையோ வல்லுநர் இவ்வாறு மாண்டனர். தன் உடல் சொல்வதைப் பொய்யென்று தள்ளி, முன்னே உள்ள முட்கருவிகள் சொல்வதை மெய்யென்று கொள்ளுதல் எவர்க்கும் இயல்பாக வருவதன்று. அது பயிற்சியால் வரவேண்டியது. அப் பயிற்சியை வானிலே தொடங்கின் முதற் பிழையே இறுதிப் பிழையாகலாம்.

இவ் இடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் ஓர் இசைக்கருவித் தொழிலாளி என்பது வியப்புக்குரியது. எட்வின் லிங்க் என்பார் 1904 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஐக்கிய அமெரிக்காவின் பிங்காம்ரன் நகரிலே தந்தையார் நடத்திய பியானோ, ஓகன் தொழிற்சாலையில் வேலை கற்றவர். நம் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைக் கண்டோர்க்கு அவர் செய்த யந்திரத்தை விளக்குதல் எளிது. சிறகும் வாலும் கொண்ட ஒரு சிறு மரப்பெட்டியைத் துருத்திகள் மேல் நிறுத்தினார். பெட்டியினுள் இருப்பவன் பிடியை அசைக்க, துருத்திகள் காற்றை ஏற்றும் இறக்கியும் பெட்டியைச் சரித்தும் நிமிர்த்தும் திருப்பியும் ஆட்டின. மூடியை இழுத்துவிட்டால் உள்ளே இருள், முட்கருவிகளே துணை. 1929 ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார். ஆயின் விமானப் பள்ளிகள் இதனைப் பொருட்படுத்தவில்லை. களியாட்ட மைதானங்களிற் காசு போட்டு ஏறும் விளையாட்டுப் பொருளாகவே பல பெட்டிகள் விற்பனையாயின. இன்று விளையாட்டென்று நாம் எண்ணும் பொருள் நாளை எதுவாகும் என்று முடிவுகட்டுமுன் இச் செய்தியை நினைத்துக்கொள்ளுதல் நன்று.

1934 ஆம் ஆண்டு பெப்புருவரியில் அமெரிக்க அரசு ஆகாயத் தபாலைச் சுமக்கும் பணியைப் படையினரிடம் ஒப்படைத்தது. மாரிகாலத்து முகிலிலும் பனியிலும் பறக்கப் பழகாத இளம் விமானிகள் சில வாரங்களுள்ளேயே ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அதன்பின்னரே படையினர் லிங்கின் ஆறு பெட்டிகளை வாங்கினர். அதற்கு முன்னர், தம் கருவியைப் பற்றிப் பேசுவதற்காக அவர் மூடுபனி சூழ்ந்த நியூவார்க் நிலையத்திற் கருவிகளின் துணைகொண்டே வந்திறங்கினார் என்றும், அன்று வரமாட்டார் என்றெண்ணி எழுந்த அதிகாரிகள் அதனாலேயே மனம் மாறினர் என்றும் கூறுவர். சில ஆண்டுகளில் யப்பானியக் கடற்படையும் அப் பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவதற்குள் நேச நாட்டு விமானிகள் பல இலட்சம் பேர் நீலநிறப் பெட்டியில் அமர்ந்து எழுந்தனர்.

இனிச் சீனக்குடாவுக்கு வருவோம். 1939 ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரித்தானிய விமானப்படையின் 273 ஆம் அணி இத் தளத்தில் அமைக்கப்பட்டது. 1942 ஏப்பிரில் 9 ஆந் தேதி காலையில் யப்பானியக் கடற்படையின் விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திருக்கோணமலையைத் தாக்கின. 91 மைல் தொலைவிலேயே றேடார் அவற்றைக் கண்டுகொண்டமையால், நான்கு நாட்களுக்குமுன் கொழும்பில் நேர்ந்ததுபோல எதிர்பாராத் தாக்குதலாக அது அமையவில்லை. ஹரிக்கேன் விமானங்களும் ஃபுல்மார் விமானங்களும் எழுந்து எதிர்த்தன. எனினும் தளமும் துறைமுகமும் பெருஞ் சேதமடைந்தன. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இவை பலரும் எழுதியவை.

எமது பொருளுக்கு மிக நெருங்கியது, பலரும் எழுதாத மற்றொரு நிகழ்ச்சியாகும். 1944 ஆகஸ்டு 10 ஆந் தேதி மாலை, அமெரிக்கரின் பி-29 என்னும் பெரும் விமானங்கள் 54 சீனக்குடாவிலிருந்து எழுந்தன. அவற்றின் பாரத்தைத் தாங்குவதற்காக ஓடுபாதை முன்கூட்டியே நீட்டப்பட்டிருந்தது. சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் மூசி ஆறும் இலக்குகள். போய்வரும் தூரம் 3,855 மைல். இடையில் இறங்க நிலமில்லை. இரவு முழுதும் கடல். முப்பத்தொன்பதே இலக்கை அடைந்தன. அவ்விரவிற் பறந்தோர்க்கு வழிகாட்டியவை விண்மீன்களும் முட்கருவிகளும் றேடாருமே. உடலுணர்ச்சியைக் கைவிட்டுக் கருவியை நம்பும் மனவுறுதியை அத் தலைமுறை விமானிகள் பெற்றது பெரும்பாலும் துருத்தி மேல் ஆடிய மரப்பெட்டியில் எனலாம். சண்டையின் பயனைப் பற்றி வரலாற்றாசிரியர் ஐயுறுவர். பறப்பின் அருமையைப் பற்றி ஐயமில்லை.

பெட்டியிலிருந்து தலையணிக்கு வந்த கதையைச் சுருங்கக் கூறலாம். 1968 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர், தலை திரும்பும் திசைக்கேற்ப மாறும் கோட்டுச் சித்திரங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டும் கருவியை அமைத்தார்; அஃது அதிக பாரமுடையதாதலின் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. 1980களில் தோமஸ் ஃபர்னெஸ் அமெரிக்க விமானப்படைக்காக அவ்வகைக் கருவிகளைச் செப்பம் செய்தார். 1982 இல் வீட்டுக் கணினிக்குரிய மைக்ரோசொஃப்ட் பாவனைப் பறப்பு வெளிவந்தது. இரு கிளைகளும் ஒன்றுசேர நெடுங்காலம் சென்றது. 2012 இல் ஒக்குலஸ் ரிஃப்ட் என்னும் தலையணிக்குப் பொதுமக்களிடமே முதல் திரட்டப்பட்டது. 2016 இல் அது கடைக்கு வந்தது. 2020 டிசம்பரில் மைக்ரோசொஃப்டின் புதிய பாவனைப் பறப்பும் தலையணிக்கு இடமளித்தது.

அணிந்தோர் அனுபவம் யாது? முதலில் எல்லோரும் கூறுவது ஆழம் பற்றியதே. தட்டைத் திரையில் ஓடுபாதை ஒரு படம். தலையணியிலோ அது கீழே கிடக்கும் நிலம். இறங்குமிடத்துத் தரைக்கும் சில்லுக்குமிடையே எத்தனை அடி உள்ளது என்பதைக் கண் தானே மதிப்பிடுகின்றது. ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து திரும்பும் தருணத்திற் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னே பாதையைத் தேடலாம். மெய்யான விமானி செய்வதும் அதுவே. அடுத்துக் குறைகளைக் கூறுவர். தம் கைகள் தமக்குத் தெரிவதில்லை. ஆளிகளையும் விசைகளையும் தடவியே அறியவேண்டியுள்ளது. 2016 இல் வந்த கருவிகளில் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிகளே இருந்தமையால் முட்கருவிகளின் எண்களை வாசிக்க முன்னே குனியவேண்டியிருந்தது. 2020 அளவில் வந்தவற்றில் அது பெரிதும் நீங்கிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்தோர் படும் பாடு தனி. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம் நெற்றியை அழுத்தும். நம் ஊரின் வைகாசி வெயிலிற் கண்ணாடி வில்லைகள் வியர்வையாற் புகைபடியும்.

இவை யாவற்றினும் பெரிது குமட்டல். இதன் காரணத்தைச் சிந்திப்போர்க்கு வரலாற்றின் ஒரு விந்தை புலனாகும். முகிலிற் பறந்தவனுக்குச் செவி பொய் சொன்னது. கருவியைப் பார்க்கும் கண்ணை நம்புக என்று மரப்பெட்டி கற்பித்தது. தலையணி அணிந்தவனுக்கோ கண் 'சரிகின்றாய்' என்கிறது. செவி 'நாற்காலியில் அசையாதிருக்கின்றாய்' என்கிறது. இம்முறை மெய் சொல்வது செவியே. இரண்டு சாட்சிகளும் முரண, வயிறு புரள்கின்றது. இது புதிய நோயன்று. 1950களின் இறுதியிலேயே அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகொப்டர்ப் பாவனை யந்திரத்தில் இது குறித்து எழுதப்பட்டது. 1993 இல் பதினாறு அறிகுறிகளைக் கொண்டு இதனை அளக்கும் வினாக்கொத்தும் வகுக்கப்பட்டது. பலருக்கு இது பழக்கத்தாற் குறையும், சிலருக்குக் குறைவதேயில்லை. கடலோடிகளின் பிள்ளைகளான நம்மவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

தலையணியுட் திருக்கோணமலையைக் கண்டோர் மற்றொன்றும் கூறுவர். செய்மதிப் படங்களைக் கொண்டு வரையப்பட்டமையால் உட்துறைமுகத்தின் வளைவுகளும், மகாவலி கடலோடு கலக்கும் கழிமுகமும், தம்பலகாமத்து வயல்களும் ஒருவாறு சரியாகவே தோன்றும். கட்டடங்களோ பெரும்பாலும் கணினியின் ஊகம். எவரேனும் தனியே வடித்துச் சேர்த்தாலன்றிக் கோபுரமும் பள்ளிவாசலும் ஓட்டு வீடாகவோ மாடி வீடாகவோ நிற்கும். விமானிக்கு இது சிறு குறை, ஊரவனுக்கு அவ்வாறன்று.

1957 இல் பிரித்தானியர் திருக்கோணமலைத் தளங்களைக் கையளித்தபின் சீனக்குடா இலங்கை விமானப்படைக்குரியதாயிற்று. இன்று அதன் கல்விக்கழகம் அங்குள்ளது. புதியோர் பறக்கப் பழகும் இடம் நம் வானமே. 2020 டிசம்பர் 15 இல் அங்கிருந்து தனியே எழுந்த ஒரு பயிற்சி விமானி கந்தளாய்ப் பகுதியில் விழுந்து இறந்தார். 2023 ஆகஸ்டு 7 இற் சீனக்குடாவிலேயே பிரி-6 விமானம் விழுந்து இருவர் இறந்தனர். 2025 மார்ச்சு 21 இல் அங்கிருந்து சென்ற கே-8 விமானம் வாரியபொலையில் விழுந்தது. அதிலிருந்த இருவரும் பரசூட்டின் துணையால் உயிர் தப்பினர். இவற்றின் காரணங்களை ஆராய்வது எம் வேலையன்று. தலையணி இருந்திருப்பின் இவை நேர்ந்திரா என்று கூறுவது அறிவுடைமையுமன்று. எனினும் எழும்பிய சில விநாடிகளில் இயந்திரம் நின்றுவிட்டால் என் செய்வது என்பதை நூறு முறை செய்து பார்க்க நிலத்தைவிட வேறிடமில்லை.

அமெரிக்க விமானப்படை 2018 இற் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே இதனைச் சோதித்தது. இருபது பேர் தலையணியையும் மெய்யான விமானத்தையும் சேர்த்துப் பயின்றனர். ஏறத்தாழ ஆறு மாதங்களிற் பதின்மூவர் விமானிகளாயினர். வழமையான பயிற்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். இக் கணக்கை வைத்துப் பெருவெற்றி என்பாரும் உளர். மீதி எழுவரைச் சுட்டுவாரும் உளர். 2021 ஏப்பிரிலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம், சுவிற்சலாந்திற் செய்யப்பட்ட ரொபின்சன் ஆர்22 ஹெலிகொப்டருக்குரிய தலையணிப் பாவனை யந்திரத்துக்கு முதன்முதலாக அங்கீகாரம் அளித்தது. விமானத்தின் பாரமும், திரும்பும்போது குருதியைக் காலுக்கு இழுக்கும் விசையும், அச்சமும் அதனுள் இல்லை. வரிசையாய்ச் செய்யவேண்டிய செயல்களும், எங்கே எப்பொழுது பார்க்கவேண்டும் என்னும் பழக்கமும் உள.

நம் மாணவருள் இதனை வீட்டிலே முயல்வோர்க்கு, பயின்றோர் கூறும் முறை இது: முதல் நாட்களிற் பத்து நிமிடத்துக்கு மேற் செல்லாதிருத்தல், முகத்துக்கு நேரே மின்விசிறி வைத்தல், வளைவுகளை மெதுவாக எடுத்தல், நெற்றியில் வியர்வை குளிர்ந்த உடனேயே கருவியைக் கழற்றிவிடுதல், கழற்றிய சிறிது நேரத்துக்குச் சைக்கிளோ மோட்டார் வண்டியோ ஓட்டாதிருத்தல்.