மலாயாவும் தீவகத்துக் கிறாணிமாரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஆழமற்ற கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளை நேயர்கள் அறிவர். அவற்றுள் ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் யானை ஏற்றிய துறைமுகம். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளைக் கால்நடையாகக் கொணர்ந்து, போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் இங்கிருந்தே இந்தியாவுக்கு அனுப்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ, தீவகத்திலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் கடல் கடந்தோர் ஆங்கிலம் கற்ற இளைஞர்.

காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நெடுந்தீவில் வேலியே கல்லால் அடுக்கப்படுவது. பாறைமேற் படிந்த மெல்லிய மண், உவர் கலந்த கிணறு, மாரி மழையை நம்பிய நெல், பனை, கடல் ஆகிய இவ்வளவே அங்குச் சொத்து. மிஷன் பாடசாலைகள் தந்த ஆங்கிலத்துக்கு உள்ளூரில் விலை இல்லை. மலாயாவில் இருந்தது. 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே அந்நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1896-இல் நான்கு மலாய் நாடுகள் பிரித்தானியர் ஆட்சியின்கீழ்க் கூட்டிணைந்தன. பின்னர் இறப்பர்த் தோட்டங்கள் காட்டை விழுங்கின. கணக்கெழுதவும், நிலம் அளக்கவும், ரயில் நடத்தவும் ஆள் வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை முழுமையாக அமைந்தது 1905-இலேதான் என்பதை எண்ணினால், ரயில் காணாத ஊரார் பிறநாட்டு ரயிலை நடத்தச் சென்ற விந்தை புலனாகும்.

கந்தோரிலும் ரயில்வேயிலும் அமர்ந்தோருக்கு மனச்சங்கடம் குறைவு. தோட்டத்துக் கிறாணியின் நிலை வேறு. விடியுமுன் பெயர் கூப்பிடுபவனும், பால் நிறுப்பவனும், செக்ரோலில் அரைநாளா முழுநாளா என்று எழுதுபவனும் அவனே. அவன் எதிரே நின்றவர்கள் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து வந்த தமிழர். மொழி ஒன்று, பலருக்குக் கும்பிடும் தெய்வமும் ஒன்று. சம்பளம் மட்டும் துரையின் கையிலிருந்து வந்தது. கூலியாளுக்காகப் பேசினால் உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால் ஊரில் ஈட்டிலிருக்கும் காணி மீளாது, தங்கையின் சீதனத்துக்கு வழியிராது. ஆகவே பலர் வாய் திறவாதிருந்தனர். அவர்களைக் கொடியோர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நியாயமன்று. அவர்கள் அறியாதிருந்தனர் என்பதும் உண்மையன்று.

கணக்கு 1941-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் ஒன்று சிறியதுபோலத் தோன்றும்: வெள்ளைத் துரைமாருக்கு முன்னும் ஆசிய உத்தியோகத்தருக்கு முன்னும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அந்த ஆசிய உத்தியோகத்தருள் மலையாளிகளும் இருந்தனர், யாழ்ப்பாணத்தாரும் இருந்தனர். சம்பளக் குறையைத் துரைமேற் சாட்டலாம். சைக்கிளிலிருந்து இறங்கச் செய்ததை எவர்மேற் சாட்டுவது? அரசாங்கம் தலைவர் ஆர். எச். நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தியது. படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

இதற்கிடையே மணிஓடர்கள் ஊருக்கு வந்தவண்ணமிருந்தன. கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பட்டன, பாடசாலைகள் வளர்ந்தன. 'மலாயாப் பென்சனியர்' என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு மதிப்புப் பெயராயிற்று.

தீவகத்திலிருந்து மலாயா சென்ற இன்னொருவரும் உளர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913-இற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியற் பகுதியின் தலைமையை ஏற்றார். 1966 ஏப்பிரலில் அவர் முயற்சியாற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது.